ஒரே ஒரு ஃபிளாஷ் போதும்: மாநிற, கருநிற முகங்களுக்கு ஒளியமைக்கும் முழுமையான வழிகாட்டி

நம் ஊர் ஸ்டூடியோக்கள் பலவற்றில் முகப்படம் எடுக்கும் முறை ஒன்றுதான். இடப்பக்கம் ஒரு குடை விளக்கு, வலப்பக்கம் ஒரு குடை விளக்கு, இரண்டும் சம தூரத்தில், சம வெளிச்சத்தில். முகத்தில் எங்கும் நிழல் விழாது. மூக்கும் கன்னமும் நெற்றியும் ஒரே தளமாகத் தட்டையாகிவிடும். பிறகு கணினியில் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கி அச்சிட்டுக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு அந்த ஒளியமைப்பு போதும். ஒருவரை அவராகவே காட்ட வேண்டிய படத்துக்கு அது உதவாது.

மாநிறமும் கருநிறமும் கொண்ட முகங்களை, நிறம் மாறாமல், வடிவம் துலங்கப் படமெடுக்க அதிக வெளிச்சம் தேவையில்லை. பெரிய ஒளிமூலமும் சரியான கோணமுமே தேவை. ஒரு ஃபிளாஷ், 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷின் முன் மாட்டி ஒளியைப் பரவலாக்கும் வெள்ளைத் துணிப் பெட்டி), ஸ்டாண்டு, கேமராவிலிருந்து ஃபிளாஷை எரியவைக்கும் டிரிகர், இரண்டு தெர்மாகோல் அட்டைகள், மூன்று மீட்டர் கறுப்புத் துணி ஆகியவை இருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையிலேயே தொடங்கிவிடலாம்.

முதல் படி: அறையை உங்கள் கட்டுக்குள் கொண்டுவருதல்

ஜன்னல்களைத் திரையிட்டு மூடுங்கள். கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றி, ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/160 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 5.6 என வையுங்கள். ஒரே ஒரு டியூப்லைட் மட்டும் எரியட்டும். ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். திரை ஏறத்தாழ முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்துவிட்டால், இனிமேல் படத்தில் தெரியப்போகும் ஒளி முழுவதும் நீங்கள் வைத்த விளக்கிலிருந்து வருவதுதான். கறுப்பாக வராமல் அறை மங்கலாகத் தெரிந்தால், டியூப்லைட்டை இன்னும் தள்ளியிருக்கும் மூலைக்கு மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

முடிந்தவரை அந்த ஒரு விளக்கை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழு இருட்டில் கண்ணின் பாவை அகலமாக விரிந்துகொள்ளும். அதைச் சுற்றியிருக்கும் அழகான பழுப்பு நிற வளையம் சுருங்கி, கண் வெறும் கறுப்புப் புள்ளியாகப் படத்தில் விழும். கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் பாவை சிறிதாகவே இருக்கும். கேமராவுக்கு ஃபோகஸ் பிடிப்பதும் எளிதாகும்.

ஃபிளாஷ் ஒளி கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு குறைவான நேரமே எரிகிறது. ஆகவே ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதன் வெளிச்சம் மாறாது. அறை வெளிச்சம்தான் மாறும். ஃபிளாஷின் வெளிச்சத்தை அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் ஃபிளாஷின் சொந்த பவரும் தீர்மானிக்கின்றன. பவரை 1/4-இலிருந்து 1/2-க்கு உயர்த்துவதும், அப்பர்ச்சரை எஃப் 8-இலிருந்து எஃப் 5.6-க்குத் திறப்பதும் ஒரே அளவு மாற்றம், ஒரு ஸ்டாப்; அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும். ஷட்டரை மட்டும் பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். போனால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பல கேமராக்கள் ஃபிளாஷை எரியவே விடாது; மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

லென்ஸ், பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 85 முதல் 105 மில்லிமீட்டர், சிறிய சென்சார் கேமராவில் 50 முதல் 70 மில்லிமீட்டர். லென்ஸைவிடத் தூரம் முக்கியம். முகத்துக்கும் கேமராவுக்கும் இடையே ஒன்றரை மீட்டருக்குக் குறைந்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடும்.

சுவரின் நிறத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் பச்சை, ரோஸ், இளநீலம் என்று அடித்த சுவர்கள் ஏராளம். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி தாடையின் அடியில் பச்சையாகவே விழும். கணினியில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. உட்காருபவருக்குப் பக்கத்திலிருக்கும் சுவரை வெள்ளை வேட்டியாலோ கறுப்புத் துணியாலோ மறைத்துவிட்டால் தீர்ந்தது.

ஸ்டாண்டை உயர்த்தும் முன் தலைக்கு மேலே பார்க்கும் பழக்கம் வேண்டும். சுழலும் சீலிங் ஃபேனும் உயர்த்திய சாஃப்ட்பாக்ஸும் மோதினால் ஆளுக்கே ஆபத்து. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, மேசை ஃபேன் ஒன்றை உட்காருபவரின் முழங்கால் பக்கம் திருப்பி வையுங்கள். வியர்த்த நெற்றியை எந்த ஒளியமைப்பும் காப்பாற்றாது. ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்று விளக்கின் பாரம் சாயும் பக்கமாக இருக்கட்டும். அந்தக் காலின்மேல் மணல் பை ஒன்றை வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மூக்கின் நிழலைப் படித்தல்

உட்காருபவரைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முதுகு சாயாத ஸ்டூலில் உட்கார வையுங்கள். சாஃப்ட்பாக்ஸை அவருக்கு முன்னால், கேமராவிலிருந்து 45 டிகிரி பக்கவாட்டில், அதன் நடுப்பகுதி அவருடைய கண்மட்டத்துக்கு ஓர் அடி மேலே இருக்கும்படி நிறுத்தி, முகத்தை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ஒரு படம் எடுத்து, மூக்கின் நிழலை மட்டும் பாருங்கள். விளக்கு எங்கே இருக்கிறது, அதை எங்கே நகர்த்த வேண்டும் என்ற இரண்டையும் அந்த நிழலே காட்டிவிடும்.

நிழல் மூக்கின் ஓரத்திலிருந்து சிறிய வளைவாகக் கன்னத்தில் இறங்கி, உதட்டைத் தொடாமல் நின்றால், அது லூப் எனப்படும் அமைப்பு. பெரும்பாலான முகங்களுக்குப் பழுதில்லாமல் பொருந்தும். தயக்கமிருந்தால் இதிலேயே நில்லுங்கள்.

விளக்கை இன்னும் பக்கவாட்டில் நகர்த்தினால் மூக்கின் நிழல் நீண்டு கன்னத்தின் நிழலோடு சேரும். அப்போது இருண்ட பக்கக் கண்ணின் கீழே ஒளியின் சிறு முக்கோணம் மட்டும் எஞ்சும். 17-ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய முகங்களில் இந்த ஒளி வருவதால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. முக்கோணம் கண்ணின் அகலத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். உழைத்து முதிர்ந்த ஆண்களின் முகத்துக்கு இதைவிடச் சிறந்த ஒளியை நான் கண்டதில்லை.

விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே கொண்டுவந்தால் மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் நிழல் விழும். ஹாலிவுட்டின் பாரமவுன்ட் நிறுவனம் 1930-களில் தன் நடிகைகளை எடுத்த முறை இது. கன்ன எலும்புகள் எழுந்து தெரியும். ஆனால், குழிந்த கண்களுக்கு இது ஆகாது. முகத்தைச் சரிபாதியாக ஒளி, இருள் என்று பிளக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. பொதுவான முகப்படத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எந்த அமைப்பானாலும் இரண்டு கண்களிலும் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கடிகார முள்ளின் 10 அல்லது 2 மணி நிலையில் அது இருந்தால் நல்லது. புள்ளி இல்லாத கண்ணில் உயிர் இருக்காது. நம் மக்களில் பலருக்குப் புருவ எலும்பு முன்துருத்தி, கண் ஆழத்தில் இருக்கும். அவர்களுக்குப் பாடநூல் சொல்லும் உயரம் பொருந்தாது. புள்ளி தோன்றும்வரை விளக்கைக் கீழே இறக்குங்கள்.

முகத்தைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்திருப்பவருக்கு, கேமராவுக்குத் தூரமாக இருக்கும் கன்னத்தில் ஒளி விழச் செய்தால் முகம் ஒடுங்கித் தெரியும். கேமராவுக்கு அருகிலிருக்கும் கன்னத்தில் விழச் செய்தால் அகன்று தெரியும். உருண்டை முகத்துக்கு முன்னதும், மெலிந்து ஒடுங்கிய முகத்துக்குப் பின்னதும் பொருந்தும்.

மூன்றாம் படி: தூரம்

வெயில் கடுமையான நிழலைத் தருவது சூரியன் பிரகாசமாக இருப்பதால் அல்ல. பூமியிலிருந்து பார்க்க அது சிறிய வட்டமாகத் தெரிவதால்தான். சாஃப்ட்பாக்ஸும் இப்படித்தான். முகத்திலிருந்து 75 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது பெரிய ஜன்னலுக்குச் சமம். மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தினால் அதே பெட்டி சிறிய விளக்காகிவிடும், நிழலின் ஓரங்கள் கூராகிவிடும். மென்மை வேண்டுமென்றால் விளக்கை நெருக்குங்கள், பவரைக் குறையுங்கள். சட்டகத்துக்குள் சாஃப்ட்பாக்ஸின் ஓரம் தெரிந்துவிடும் என்ற நிலைவரை நெருக்கலாம்.

தூரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒளி, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. விளக்கு முகத்துக்கு 75 சென்டிமீட்டரில் இருந்தால், ஒன்றரை மீட்டர் பின்னாலிருக்கும் சுவர் விளக்கிலிருந்து ஏறத்தாழ மூன்று மடங்கு தூரத்தில் இருக்கிறது. முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு ஒளியே அதற்குக் கிடைக்கும். அது மூன்று ஸ்டாப்புக்குச் சற்று அதிகமான குறைவு. வெள்ளைச் சுவர் படத்தில் இருண்ட சாம்பலாகிவிடும். விளக்கை ஒன்றரை மீட்டருக்குப் பின்னிழுத்து, முகம் பழையபடி வரப் பவரைக் கூட்டினால் சுவருக்கு நான்கில் ஒரு பங்கு கிடைக்கும், சாம்பல் வெளிறும். ஒரே வெள்ளைச் சுவரிலிருந்து பல பின்னணிகளை இப்படி எடுக்கலாம். வண்ணத் திரைகளுக்குப் பணம் செலவழிப்பதை ஒத்திப்போடுங்கள்.

நான்காம் படி: தோலின் மினுக்கத்தைக் கொண்டு வடிவம் வரைதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தோலில் படும் ஒளி இரண்டு வழிகளில் திரும்புகிறது. ஒரு பகுதி தோலுக்குள் புகுந்து, சிதறி, தோலின் நிறத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. இன்னொரு பகுதி உள்ளே போகாமல், மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவதுபோலத் தெறித்துவிடுகிறது. உள்ளே போய் வரும் ஒளி வெளுத்த தோலில் அதிகம், கருத்த தோலில் குறைவு. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியோ எல்லாத் தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆகவே கருத்த முகத்தில் அந்த மினுக்கம் மிகத் தெளிவாக எழுந்து நிற்கும். வெளுத்த முகத்தின் வடிவத்தை நிழல் வரைகிறது. கருத்த முகத்தின் வடிவத்தை மினுக்கம் வரைகிறது.

இது தெரியாதவர்கள் கருத்த முகத்துக்கு நேர் எதிரே சிறிய விளக்கை வைத்து, பவரைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டுகள் எரியும்; மற்ற இடமெல்லாம் தட்டையாகவே இருக்கும். அந்தத் திட்டு, சிறிய விளக்கின் பிரதிபலிப்பே. விளக்கு பெரிதானால் பிரதிபலிப்பும் பெரிதாகப் பரவும். பரவினால் அதன் கடுமை குறையும். கன்ன எலும்பின் மேல் நீண்டு படரும் மெல்லிய வெளிர்ப் பட்டையாக அது மாறும். நாம் தேடுவது அந்தப் பட்டையைத்தான்.

தேடும் முறை இது. சாஃப்ட்பாக்ஸை 45 டிகிரியிலிருந்து மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். 60, 70, 80 டிகிரி. உங்கள் ஃபிளாஷில் மாடலிங் விளக்கு (ஒளி விழும் இடத்தைக் காட்டத் தொடர்ந்து எரியும் சிறு விளக்கு) இருந்தால் அது எரியட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுங்கள். நீங்கள் கேமரா இருக்கும் இடத்திலேயே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். பிரதிபலிப்பு பார்ப்பவரின் இடத்தைப் பொறுத்தது. இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் வேறு எதுவோ தெரியும். ஒரு கோணத்தில் நெற்றியின் ஓரம், கன்ன எலும்பு, தாடைக் கோடு மூன்றும் ஒன்றாக ஒளிரத் தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். மறுபக்கம் மிக இருண்டிருந்தால் கவலை வேண்டாம், அடுத்த படியில் அதைச் சரிசெய்வோம்.

மினுக்கத்தை அழிக்க முகம் முழுவதும் பவுடர் அப்பாதீர்கள். பவுடர் கருத்த தோலைச் சாம்பல் பூத்ததாகக் காட்டும், வடிவத்தையும் கொன்றுவிடும். நெற்றியின் நடுவிலும் மூக்கு நுனியிலும் டிஷ்யூ தாளை ஒற்றி எடுத்தால் போதும். தோல் வறண்டிருந்தால் நேர்மாறாக, கன்னத்தில் மாய்ஸ்சரைசர் துளி தடவச் சொல்லலாம்.

வெளிச்சத்தின் அளவைச் சரிபார்க்க 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றை அவர் முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். கேமரா திரையில் இருளிலிருந்து வெளிச்சம்வரை படத்தின் அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் அட்டையின் கூர்முனை நடுவில் நிற்கும்வரை பவரைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். அட்டையை எடுத்துவிட்டால் முகம் அதற்குரிய இடத்தில் தானாக விழும்: மாநிறம் நடுவையொட்டி, கருநிறம் அதற்கு ஒரு ஸ்டாப் கீழே. கேமராவின் தானியங்கி அளவீட்டை நம்பாதீர்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் அதன் இயல்பு. ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுப்பவர்கள் கருத்த முகத்துக்கு அரை ஸ்டாப் கூடுதலாகவே எடுத்து, பிறகு கணினியில் அதே அளவு இறக்கிக்கொள்ளலாம். நிழல் பகுதியில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறையும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸையும் அதே அட்டைப் படத்திலிருந்து எடுங்கள், அல்லது 5500 கெல்வினில் நிறுத்துங்கள்.

கருத்த முகம் படத்தில் சரியாக வராததற்குத் தோலைக் குறை சொல்லும் வழக்கம் ஃபிலிம் காலத்திலிருந்தே வருகிறது. கோடக் நிறுவனம் அச்சகங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ஷர்லி அட்டைகளில் பல பத்தாண்டுகளாக வெள்ளைத் தோல் பெண்ணின் படமே இருந்தது. அந்த ஒரு தோலுக்குத்தான் நிறங்கள் சரிபார்க்கப்பட்டன. குறை அளவுகோலில் இருந்தது. இன்றைய சென்சார்கள் கருநிறத்தின் நுட்பங்களை முழுமையாகப் பதியக்கூடியவை. ஒளியை ஒழுங்காக வைப்பது நம் பொறுப்பு.

ஐந்தாம் படி: தெர்மாகோலும் கறுப்புத் துணியும்

தமிழ் சினிமாப் படப்பிடிப்புகளில் தெர்மாகோல் பிடிப்பதற்கென்றே ஆள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விலை மலிவு, ஒளியோ மிக மென்மை. சாஃப்ட்பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம், முகத்திலிருந்து இரண்டடி தூரத்தில் ஒரு அட்டையை நிறுத்துங்கள். கருத்த முகத்துக்கு இது நிழலை நிரப்புவதோடு, அந்தப் பக்கக் கன்னத்தில் இரண்டாவது மினுக்கப் பட்டையையும் வரையும். ஆகவே இதையும் பக்கவாட்டில், சற்றே பின்னால் நகர்த்திப் பாருங்கள். இரு பக்கமும் மெல்லிய ஒளிக்கோடு ஓடும்போது முகம் செதுக்கியதுபோல எழுந்து வரும்.

ஒளிப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப் வேறுபாடு இருந்தால் பெண்கள், குழந்தைகள் படத்துக்கு இதமாக இருக்கும். இரண்டு ஸ்டாப் வேறுபாடு அழுத்தமான படத்துக்கு. கருத்த முகத்தில் அதற்கு மேல் போனால் நிழல் பக்கம் அச்சில் முழுக் கறுப்பாகும். தங்க நிற ரிஃப்ளெக்டரை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவர வேண்டாம், மாநிறத்தில் மஞ்சள் காமாலைபோல விழும். சிறிய அறையில் எல்லாச் சுவரும் ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலே இல்லாமல் செய்துவிட்டால், தெர்மாகோல் இருக்கும் இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். நிழல் திரும்ப வரும்.

கறுத்த முடி கறுத்த பின்னணியில் கரைந்துபோவது நமக்கு அடிக்கடி வரும் சிக்கல். இரண்டாவது விளக்கு இருந்தால் பின்பக்கத்திலிருந்து முடிமேல் விழச் செய்யலாம். ஒன்றே இருந்தால் கறுப்புப் பின்னணியை விட்டுவிட்டு நடுத்தரச் சாம்பலுக்கு மாறுங்கள். முகத்தின் நிழல் பக்கத்துக்குப் பின்னால் சுவர் சற்று வெளிச்சமாகவும், ஒளிப் பக்கத்துக்குப் பின்னால் சற்று இருண்டும் இருந்தால் தலை தனியே பிரிந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து வரும் விளக்கின் ஒளி எதிர்ப்பக்கச் சுவரில் சிந்துவதால் இது பெரும்பாலும் தானாகவே அமையும்.

ஆறாம் படி: வேட்டி, நகை, மூக்குக்கண்ணாடி

பளிச்சென்ற வெள்ளைச் சட்டையும் கருத்த முகமும் ஒரே படத்தில் வருவது நமக்கு அன்றாடம். முகம் சரியாக வரும்போது சட்டை வெளுத்து விவரம் இழக்கும். சாஃப்ட்பாக்ஸை நேராக முகத்துக்குக் குறிவைக்காமல் சற்று மேல்நோக்கித் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் கீழ் ஓரம் மட்டும் சட்டையில் படும், முகத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். போதவில்லையென்றால் சாஃப்ட்பாக்ஸின் அடிப்பகுதிக்கு முன்னால் கறுப்பு அட்டை ஒன்றைக் குறுக்கே பிடிக்கச் சொல்லுங்கள்.

பட்டுப்புடவையின் சரிகை நேரெதிர் ஒளியில் கண்ணைப் பறிக்கும். பக்க ஒளியில் அதன் வேலைப்பாடு இழை இழையாகத் தெரியும். நகை தன் எதிரே இருப்பதைக் காட்டும் கண்ணாடி. எதிரே பெரிய சாஃப்ட்பாக்ஸ் இருந்தால் பொன்னாகவும், கறுப்புத் துணி இருந்தால் கறுப்பாகவும் தெரியும். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே விளக்கின் பக்கத்தை முடிவு செய்யுங்கள். மூக்குத்தி நிழலில் போய்விட்ட பாட்டியின் படத்தை அவர் வீட்டார் ஏற்கமாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

மூக்குக்கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தால் விளக்கை உயர்த்துங்கள், அல்லது பக்கவாட்டில் நகர்த்துங்கள். கண்ணாடியின் காம்புகளைக் காதிலிருந்து ஒரு நூலளவு மேலே தூக்கினால் கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு கேமராவைத் தப்பிவிடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். தினமும் அணிபவருக்கு அது முகத்தின் பகுதி.

ஏழாம் படி: உட்கார்ந்திருப்பவர்

வயதானவர்கள் கேமராவைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக உட்காருவார்கள். “சிரியுங்கள்” என்று சொன்னால் இன்னும் இறுகுவார்கள். “ஐயா, உங்களுக்கு எந்த ஊர்? ஊரில் இந்த வருஷம் மழை எப்படி?” என்று கேளுங்கள். பதில் சொல்லி முடித்து வாய் மூடும் அந்தக் கணத்தில் முகம் அவருடையதாக இருக்கும். சிரிக்காத முகத்தையும் மதியுங்கள். கம்பீரமாகப் பார்ப்பதே படத்துக்கு மரியாதை என்று எண்ணும் தலைமுறை அது.

தோளைச் சற்றுத் திருப்பி, முகத்தைக் கேமராவை நோக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நெற்றியை ஓர் அங்குலம் முன்னே நீட்டித் தாடையைச் சிறிது தாழ்த்தினால் கழுத்து மடிப்பு மறையும். சொல்வதைவிட நீங்களே செய்து காட்டுவது எளிது. முந்தானையையோ முடியையோ சரிசெய்ய வேண்டியிருந்தால் அவரிடமே சொல்லுங்கள், அல்லது கூட வந்தவரிடம் சொல்லுங்கள். ஃபோகஸ் கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணில். எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்தால் மூக்கு நுனியிலிருந்து காதுவரை பெரும்பாலும் கூர்மையாக வரும்.

எட்டாம் படி: கணினியும் அச்சும்

கணினியில் செய்ய வேண்டியது குறைவு. சாம்பல் அட்டையிலிருந்து நிறத்தைச் சரிசெய்து, அன்று வந்த பருவை அகற்றிவிடுங்கள். மச்சம், தழும்பு, சுருக்கம் இருக்கட்டும். அவரே கேட்டாலொழிய நிறத்தை வெளுக்காதீர்கள். அப்படிக் கேட்பவரிடமும், ஒழுங்காக ஒளியமைத்த படத்தை முதலில் அச்சில் காட்டுங்கள். பலர் கேட்டதை மறந்துவிடுவார்கள்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது தானியங்கி நிறத் திருத்தம் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் கருத்த முகத்தைக் குறையாக எண்ணி வெளுப்பாக்கிவிடக்கூடும். கணினித் திரை தானே ஒளிர்வதால் அதில் சரியாகத் தெரியும் கருநிறம் தாளில் ஒரு படி இருண்டு விழும். முதலில் நான்குக்கு ஆறு அங்குல அளவில் ஒரே ஒரு சோதனை அச்சு எடுத்து, டியூப்லைட்டின் கீழ் அல்லாமல் பகல் வெளிச்சத்தில், முடிந்தால் அவருடைய முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். இருண்டிருந்தால் அச்சுக்கான கோப்பில் மட்டும் மூன்றில் ஒரு ஸ்டாப் உயர்த்தி, பெரிய அளவுக்கு ஆர்டர் கொடுங்கள்.